லைசென்ஸ் இருக்கிறது, லேசரைத் தொடலாமா?

கேள்வி: கோவையில் பதினோரு வருடம் பார்லர் நடத்தினேன். கணவரின் வேலை காரணமாக சான் ஹோசே வந்து, 600 மணி நேரப் படிப்பை முடித்து, எழுத்துத் தேர்வும் பாஸாகி, போன மாதம் எஸ்தெடீஷியன் (தோல் பராமரிப்பு அழகுக்கலைஞர்) லைசென்ஸ் கைக்கு வந்தது. குழப்பமே இனிமேல்தான். ஊரில் செய்துகொண்டிருந்த மரு எடுப்பது, ஊசி உருளையான டெர்மா ரோலர், ஹென்னா புருவம் எல்லாம் இங்கே செய்யலாமா? பக்கத்தில் அழகுக்கான மருத்துவச் சிகிச்சைகள் தரும் ஒரு மெடி ஸ்பா உரிமையாளர், "டாக்டர் இருக்கிறார், அவர் பெயரில் நீங்கள் லேசர் போடலாம், டிரெயினிங் கொடுத்து சர்டிபிகேட்டும் தருகிறோம்" என்கிறார். வீட்டு கராஜை ரூமாக மாற்றி ஃபேஷியல் செய்யலாம் என்றும் ஒரு யோசனை. அடுத்த வருடம் டாலஸுக்குக் குடிபோகவும் வாய்ப்பிருக்கிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?
– ஒரு வாசகி, சான் ஹோசே

பதில்: மெடி ஸ்பாக்காரர் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கூடாது. கலிஃபோர்னியாவில் எஸ்தெடீஷியன் லேசரையோ, தீவிர ஒளியைத் துடிப்பாகப் பாய்ச்சும் ஐபிஎல் கருவியையோ இயக்க முடியாது. டாக்டர் அடுத்த அறையில் இருந்தாலும், உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் முடியாது. இங்கே அது மருத்துவம். டாக்டர் செய்யலாம், டாக்டரின் மேற்பார்வையில் ரெஜிஸ்டர்டு நர்ஸ், நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டன்ட் செய்யலாம். டாக்டருக்கு உதவியாக நிற்கும் மெடிக்கல் அசிஸ்டன்ட் கூடச் செய்யக்கூடாது. உங்களுக்கு அந்த வேலையை ஒப்படைக்கும் அதிகாரம் டாக்டருக்கே கிடையாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "டாக்டர் பெயரில்" என்ற வார்த்தை இருவரையுமே மாட்டிவிடும்: அவர் மெடிக்கல் போர்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த அழகுக்கலை போர்டுக்கு. லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம் பார்த்தது என்று வழக்கானால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம், சிறையும் உண்டு.

கருவிக் கம்பெனி தரும் சர்டிபிகேட், அந்த மெஷினை ஆன் செய்யத் தெரியும் என்பதற்குச் சாட்சி. சட்டத்தின் கண்ணில் அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. "மெடிக்கல் எஸ்தெடீஷியன்" என்று அச்சடித்த விசிட்டிங் கார்டுகளையும் பார்த்திருப்பீர்கள். கலிஃபோர்னியா போர்டு அப்படியொரு லைசென்ஸை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்தப் பட்டத்தை உங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தின் உரிமையாளர் டாக்டர்தானா என்பதையும் ஒரு தடவை விசாரியுங்கள். மருத்துவம் செய்யும் நிறுவனத்தில் பெரும்பங்கு டாக்டரிடம் இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் சட்டம். வியாபாரி ஒருவர் இடத்தைப் பிடித்து, டாக்டருக்கு மாதச் சம்பளம் கொடுத்து அவர் பெயரைப் பலகையில் மாட்டுவதை இங்கே லைசென்ஸை வாடகைக்கு விடுவது என்றே சொல்கிறார்கள்.

மற்ற கேள்விகளுக்குப் போகும் முன், உங்கள் லைசென்ஸின் எல்லை எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அது பிடிபட்டுவிட்டால், நாளைக்குப் புதிதாக ஒரு மெஷின் சந்தைக்கு வந்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம்.

கலிஃபோர்னியாவின் தொழில் சட்டத் தொகுப்பான பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோடில் 7316 என்ற பிரிவு உங்கள் தொழில் என்ன என்பதைச் சொல்கிறது: ஃபேஷியல், மேக்கப், தோல் பராமரிப்பு, வாக்ஸ், ட்வீஸர், முடி நீக்கும் க்ரீம் கொண்டு உடலில் எங்கிருந்தும் வேண்டாத முடியை எடுப்பது, முகம், கழுத்து, கை, உடலின் மேல்பாகம் ஆகியவற்றை க்ரீம், லோஷன் போட்டுக் கையாலோ கருவியாலோ சுத்தம் செய்வது, மசாஜ் செய்வது, இமை முடி ஒட்டுவது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்பி 803 சட்டம் இமைக்கும் புருவத்துக்கும் டின்ட் (நிறம் ஏற்றுவது), பெர்ம் (வளைவு தருவது) செய்வதையும் இதில் சேர்த்தது. செய்முறைத் தேர்வை எடுத்ததும் அதே சட்டம்தான். அதனால்தான் நீங்கள் எழுத்துத் தேர்வோடு தப்பித்தீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முடி எடுப்பதற்கு "உடலில் எங்கும்" என்று இருக்கிறது. மசாஜுக்கு "மேல்பாகம்" என்று இருக்கிறது. ஆகவே கால் முழுக்க வாக்ஸ் போடலாம், பிகினி வாக்ஸ் போடலாம். அதே காலைப் பிடித்துவிட்டு மசாஜ் என்று தனியாகக் காசு வாங்க முடியாது. நகம் வெட்டிப் பாலிஷ் போட மேனிக்யூரிஸ்ட் லைசென்ஸ் வேண்டும், முடி வெட்ட அதற்கான லைசென்ஸ் வேண்டும். ஊசியும் மின்சாரமும் கொண்டு முடியின் வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸுக்குத் தனிப் படிப்பு, தனி லைசென்ஸ்.

எதைச் செய்யக்கூடாது என்பது போர்டின் ஒழுங்குமுறை விதி 991-ல் இருக்கிறது. முகத்திலோ உடலிலோ உயிருள்ள திசுவின் அமைப்பையோ வேலையையோ பாதிக்கும் எதுவும் ஊடுருவும் சிகிச்சை. அதை லைசென்ஸ் வைத்திருப்பவர் செய்யக்கூடாது. உதாரணங்களையும் விதியே தருகிறது: தசையைச் சுருங்க வைக்கும் மின்சாரம், உயிருள்ள திசுவைப் பாதிக்கும் க்ரீம், லோஷன், உலோக ஊசியால் தோலைத் துளைப்பது (எலக்ட்ராலிசிஸ் ஊசி மட்டும் விலக்கு), மேல்தோலுக்குக் கீழே போகும் அளவுக்குத் தேய்த்து உரிப்பது. கோடு தோலின் ஆழத்தில் விழுகிறது. உங்கள் கையின் பக்குவத்துக்கோ பதினோரு வருட அனுபவத்துக்கோ அங்கே கணக்கில்லை.

இப்போது உங்கள் டெர்மா ரோலர், அதாவது மைக்ரோநீட்லிங். முகத்தில் மேல்தோலின் மொத்தத் தடிமனே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான்; அதிலும் உயிரற்ற செல்கள் இருப்பது மேலே ஒரு மெல்லிய ஏடாக மட்டும். 0.5 மில்லிமீட்டர் ஊசி போகும் தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தழும்புக்கும் குழிக்கும் அது பலன் தருவதே உள்தோலைக் குத்திப் புண்ணாக்கி, அது ஆறும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் ஊறுவதால்தான். பலன் வரும் ஆழத்தில் உங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள ஆழத்தில் அந்தப் பலன் இல்லை. ஊசி உயிருள்ள தோலுக்குள் போகும் கருவிகளை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. மருத்துவக் கருவி என்றே வகைப்படுத்துகிறது. அப்படி முதன்முதலில் ஒரு ஊசிப் பேனா அனுமதி பெற்றது 2018-ல். "நானோ" என்று பெயர் வைத்து, "ஊசியே இல்லை, சிலிக்கான் முனைதான்" என்று விற்கும் பொருள்களில் பெட்டியின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். உள்ளே இருக்கும் காகிதத்தில் எவ்வளவு ஆழம், எந்த வேலைக்கு என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொலாஜன், தழும்பு, சுருக்கம் என்று அதிலேயே உரிமை கோரியிருந்தால் உயிருள்ள திசுவைத் தொடுகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தால், தோலைப் புடைக்க வைக்கும் ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்தும் ஹயலுரான் பேனாவும் இதே வகைதான். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது.

மரு, மச்சம் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சூட்டால் பொசுக்கும் காட்டரி, பிளாஸ்மா பேனா, உறைய வைக்கும் பேனா, நூல் கட்டி விழவைப்பது, ஆசிட் தடவிக் கருக வைப்பது எதுவும் உங்கள் வேலை அல்ல. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், தோல் புற்றுநோய் சில சமயம் சாதாரண மச்சம் போலவே உட்கார்ந்திருக்கும். அதை நீங்கள் பொசுக்கிவிட்டால், லேபுக்கு அனுப்பிச் சோதிக்க அங்கே எதுவும் மிஞ்சாது; மேலே மூடிக்கொண்ட தழும்புக்கு அடியில் நோய் வேலையைத் தொடரும். கழுத்தில் திடீரென்று தொங்கும் சின்ன மருக்கள் நிறைய முளைத்திருக்கிறது, கூடவே கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்திருக்கிறது என்றால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். வருபவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

பிளாக்ஹெட் எடுப்பது உங்கள் வேலைதான். ஆவி பிடித்து, தோல் இளகிய பிறகு, விரலில் காஸ் துணி சுற்றி இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். அல்லது முனை கூராக இல்லாத வளையக் கருவியைப் பயன்படுத்துங்கள். அதன் மறுமுனையில் ஊசி போன்ற லான்செட் இருந்தால் அதைக் கடையில் வைத்திருப்பதே தவறு: பருவையும் பிளாக்ஹெட்டையும் நோண்டி எடுக்கும் ஊசிபோன்ற கருவிகள் இடத்தில் இருக்கவே கூடாது என்பது விதி 993. நீங்கள் அதைத் தொடவே இல்லை என்றாலும் டிராயரில் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் போதும். கண்ணுக்குக் கீழே வரும் வெள்ளைக் குருணைகளுக்கு, அதாவது மிலியாவுக்கு, இதனால்தான் இங்கே நீங்கள் கை வைக்க முடியாது. அவை வாயில்லாத சின்னப் பைகள், தோலைக் கீறாமல் வெளியே வராது.

ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் பீல்தான் எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயம், அதிகம் பேர் வழுக்கி விழும் இடமும் அதுவே. விதி 992 மூன்று விஷயம் சொல்கிறது. நீக்குவது மேல்தோலின் உயிரற்ற மேல் அடுக்குகளாக மட்டும் இருக்க வேண்டும், அதுவும் அழகுக்காக மட்டும். கடையில் கிடைக்கும் தயார்ப் பொருளாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் தவிர, இரண்டு பீல் பொருள்களைக் கலக்கவோ சேர்க்கவோ கூடாது. ஊரில் பலர் பழகிய பழக்கத்தை இந்தக் கடைசி வரி அடித்துவிடுகிறது: முதலில் சாலிசிலிக், அது காய்ந்ததும் மேலே கிளைகாலிக், "கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று. முதல் ஆசிட் மேலடுக்கின் எண்ணெயையும் பிணைப்பையும் தளர்த்திவிடுகிறது. இரண்டாவது ஆசிட் அந்தத் திறந்த கதவு வழியாக நீங்கள் கணக்குப் போட்டதைவிட ஆழமாக இறங்கும். இரண்டு பாட்டிலும் தனித்தனியே மென்மையானவையாக இருந்தாலும் சேர்க்கை மென்மையாக இருக்காது.

எவ்வளவு வலு? கிளைகாலிக் போன்ற ஆல்ஃபா ஹைட்ராக்ஸி ஆசிட்களை அமெரிக்க அழகுப்பொருள் மூலப்பொருள் ஆய்வுக் குழு ஆராய்ந்து 1998-ல் அறிக்கை வெளியிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதம் வரை, பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையக் கடுமை) 3.5-க்குக் குறையாமல், பயிற்சி பெற்றவர் சலூனில் போடுவதற்கு 30 சதவீதம் வரை, பிஎச் 3.0-க்குக் குறையாமல், கொஞ்ச நேரம் வைத்து நன்றாகக் கழுவிவிட வேண்டும் என்று அது வரம்பு சொன்னது. அந்த வரம்புக்குள் நில்லுங்கள். சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கும் தவறைச் செய்யாதீர்கள், பிஎச் 4-ல் இருக்கும் 30 சதவீதத்தைவிட பிஎச் 2-ல் இருக்கும் 20 சதவீதம் கடுமையாகக் கடிக்கும், ஏனென்றால் தோலுக்குள் புகுவது நடுநிலையாகாத ஆசிட்தான். பிஎச் எவ்வளவு என்று லேபிளிலோ கம்பெனியின் தாளிலோ போடாத பாட்டிலை வாங்கவே வேண்டாம். தோல் வெள்ளையாகப் பூத்து உறையும் அளவுக்கான டிசிஏ (ட்ரைக்ளோரோஅசெட்டிக் ஆசிட்) டாக்டரிடம் இருக்க வேண்டிய பொருள். கட்டுப்பாடே இல்லாத வலுவில் ஆன்லைனில் விற்கும் பீல்களைப் பற்றி எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் தனியாகவே எச்சரிக்கை விட்டது.

நம் நிறத் தோலுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எரிச்சல் ஏற்பட்ட இடத்தில் தோலின் நிறமியான மெலனின் கூடிக் கறுப்பாகத் தங்கிவிடும். தீக்காயம் இரண்டு வாரத்தில் ஆறினாலும் கறை மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே புதியவருக்கு முதல் தடவையே முழு நேரம் வைக்காதீர்கள். தயாரிப்பாளர் மூன்று நிமிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள், காதுக்குப் பின்னால் முன்கூட்டியே ஒரு சோதனை போட்டுப் பார்த்துவிடுங்கள். ரெட்டினால், ட்ரெட்டினோயின், அடாபலீன் க்ரீம் போடுகிறாரா, பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் பீலோ வாக்ஸோ தொடவே கூடாது. அந்த மாத்திரை சாப்பிட்டவருக்கு நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வாக்ஸ் வேண்டாம் என்பதே பொதுவான எச்சரிக்கை; மீறினால் முடியோடு தோலும் ஏடாக உரிந்து வரும். லேசர் விஷயத்திலும் இதே மெலனின்தான் வில்லன்: முடியின் வேரில் இருக்கும் நிறமியைத் தேடிப் போக வேண்டிய ஒளியை, கருத்த தோலின் மேல்தோலிலேயே இருக்கும் நிறமி வழிமறித்து உறிஞ்சிக்கொள்ளும். ஐபிஎல் போட்டுக்கொண்ட கன்னத்தில் வரி வரியாகச் சதுரக் காயம் விழுவது அதனால்தான்.

மின்சாரக் கருவிகளுக்கு ஒரே கேள்வி போதும். தசை துடிக்கிறதா? துடித்தால் கூடாது. "முகத்துக்கு ஜிம்" என்று விற்கும் ஈஎம்எஸ் கருவிகள் எல்லாம் அதிலேயே போய்விடும். ரேடியோ ஃப்ரீக்வன்சியால் தோலை இறுக்குவது, ஹைஃபு என்ற ஒலி அலைச் சிகிச்சை, கொழுப்பை உறைய வைப்பது எல்லாம் ஆழத்தில் வெப்பமோ குளிரோ செலுத்தித் திசுவை மாற்றுபவை, அவையும் கூடாது. தண்ணீரும் உறிஞ்சலும் கொண்ட ஹைட்ரா ஃபேஷியல் வகைக் கருவிகளும், தோலைத் தேய்த்து மெருகேற்றும் மைக்ரோ டெர்மாப்ரேஷனும் மேலடுக்கோடு நிற்கும்வரை சரி. தோலில் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கசிந்தால் நீங்கள் எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மரத்துப்போக வைக்கும் க்ரீமைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் லிடோகெயின் 4 சதவீதம் வரைதான். அதற்கு மேல் வலுவில் ஆன்லைனில் வருவதைப் பெரிய பரப்பில் பூசி, பிளாஸ்டிக் சுற்றி வைப்பது இதயத் துடிப்பையே குழப்பும்.

ஹென்னா புருவத்துக்கு வருவோம். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தெரியாமல் மாட்டுகிறார்கள். டின்ட் செய்ய உங்களுக்கு லைசென்ஸ் உண்டு. எந்தப் பொருளால் செய்கிறீர்கள் என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் சொல்வது எஃப்.டி.ஏ. மருதாணிக்கு அவர்கள் கொடுத்திருக்கும் அனுமதி தலைமுடிக்கு மட்டும். இமை, புருவம், கண்ணைச் சுற்றிய இடம் கூடாது என்று அந்த அனுமதியிலேயே எழுதியிருக்கிறது. கையில் மருதாணி வைப்பதுகூட அந்த அனுமதிக்குள் வராது; கல்யாண வீடுகளில் யாரும் அதைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். தலைமுடிச் சாயத்தைப் புருவத்தில் போடுவதும் கூடாது. தார் வழிச் சாயங்களுக்குத் தலைமுடி விஷயத்தில் சட்டம் ஒரு சலுகை கொடுக்கிறது. அதே வரியில் "இமைச் சாயமும் புருவச் சாயமும் இதில் சேராது" என்றும் எழுதிவைத்திருக்கிறது. அப்படி எழுத ஒரு காரணம் இருக்கிறது. 1930-களில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் விற்பனையில் இருந்தது. உள்ளே பிபிடி என்கிற பாராபினைலின் டையமின். பெண்கள் சிலருக்குப் பார்வை போனது. 1938-ல் வந்த உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டத்துக்குப் பின்னணியில் அந்தச் சம்பவங்களும் இருந்தன. "கறுப்பு மருதாணி" என்ற பெயரில் இன்றும் விற்கும் குழாய்களில் இருப்பது பெரும்பாலும் அதே பிபிடிதான்.

எஃப்.டி.ஏ. ஏற்காத முறையில் ஒரு பொருளைப் பயன்படுத்தக்கூடாது என்று போர்டின் விதி 989-ம் சொல்வதால், இது உங்கள் லைசென்ஸையும் தொடும். ஆகவே டின்ட் வாங்கும்போது "இமைக்கும் புருவத்துக்கும்" என்று லேபிளில் இருக்கிறதா, அதில் உள்ள நிறப்பொருள் அந்த இடத்துக்கு அனுமதி பெற்றதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வெறும் "வெஜிடபிள்", "ஆர்கானிக்" என்று பதில் வந்தால் அது பதில் அல்ல.

த்ரெடிங்குக்கு கலிஃபோர்னியாவில் லைசென்ஸே வேண்டாம். சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. நூலைச் சுற்றி முடியைப் பறிப்பதும், அதையொட்டிப் புருவ முடியைக் கத்தரியால் லேசாக ஒழுங்கு செய்வதும் யாரும் செய்யலாம். ஆனால் நூலில் சிக்காத ஒரு முடியை எடுக்க ட்வீஸரைக் கையில் எடுத்தாரோ, அந்த நொடியில் அது லைசென்ஸ் வேண்டிய வேலையாகிவிடும். உங்களுக்கு அதில் கவலை இல்லை. ஆனால் த்ரெடிங்குக்கு மட்டும் என்று லைசென்ஸ் இல்லாத ஒருவரை நீங்கள் உதவிக்கு வைத்துக்கொண்டால், அவர் மேஜையில் ட்வீஸரும் வாக்ஸ் ஹீட்டரும் இருக்கக் கூடாது.

புருவத்தில் கீறி நிறம் ஏற்றும் மைக்ரோபிளேடிங்கும் பெர்மனென்ட் மேக்கப்பும் உங்கள் போர்டின் கீழ் வராது. அவை பச்சை குத்தும் வகை. 2012 முதல் நடைமுறையில் உள்ள சேஃப் பாடி ஆர்ட் சட்டப்படி கவுன்ட்டியில் பதிவு செய்து, ரத்தம் வழி பரவும் நோய்கள் பற்றிய பயிற்சியை வருடா வருடம் முடிக்க வேண்டும். மூக்கு குத்துவதும் அங்கேதான் வரும். காது மடலுக்கு மட்டும் பயன்படும் தோடு அழுத்தும் கருவியால் மூக்கைக் குத்தாதீர்கள். பாட்டி காலத்துப் பழக்கம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்ல முடியாது.

கராஜ் யோசனை நல்ல யோசனைதான், ஆனால் வரிசை முக்கியம். உங்கள் லைசென்ஸ் உங்களுக்கு; இடத்துக்குத் தனியாக எஸ்டாப்ளிஷ்மென்ட் லைசென்ஸ் வாங்க வேண்டும், அது அந்த முகவரிக்கு மட்டும். வீட்டில் நடத்தலாம் என்றாலும், ஆட்கள் வர வெளியிலிருந்து நேரடியான தனி வாசல் வேண்டும். உங்கள் ஹால் வழியாக நடந்து கராஜுக்குப் போவது ஆகாது. அந்த அறையை வேறு எந்தக் குடும்ப உபயோகத்துக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது; ஊரிலிருந்து மாமியார் வந்தால் ராத்திரி அங்கே கட்டில் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வெந்நீரும் தண்ணீரும் வரும் குழாய், வருபவர்களுக்குக் கழிவறை வசதி வேண்டும். முதலில் நகரத்தின் திட்டத் துறையில் அந்த முகவரியில் வீட்டுத் தொழில் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். பிறகு வாடகை வீடானால் உரிமையாளரிடமும், அசோசியேஷன் இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். கடைசியாகத்தான் ஆசாரி. பலர் சுவரை எழுப்பி, சிங்க் வைத்து, கட்டிலும் ஆவி மெஷினும் வாங்கிவிட்டு நகர அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வருவார். பெரும்பாலும் அவர் எழுதுவது பெரிய குற்றங்கள் இல்லை, கருவி சுத்தம்தான். ட்வீஸரை முதலில் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அதிலேயே செலவாகிவிடும். பிறகு துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு போட்டால் கரைசல் நீர்த்துப்போகும். அப்புறம் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் மூன்றையும் கொல்லும் என்று ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை) பதிவு பெற்ற கரைசலில், பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல், முழுக்க மூழ்க வையுங்கள். லேபிளில் சொன்ன நேரம், பெரும்பாலானவற்றில் 10 நிமிடம். எடுத்தவற்றை மூடியுள்ள சுத்தமான பெட்டியில் வைத்து, கிருமி நீக்கியது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். கரைசல் கலங்கினால் மாற்றிவிடுங்கள். வாக்ஸில் ஒரு குச்சியை ஒரு தடவைதான் முக்கலாம். காசு மிச்சம் என்று அதே குச்சியை மறுபடி விட்டால் மொத்தப் பானையும் வீண். லைசென்ஸை ஃபிரேம் போட்டு நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே மாட்டுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முகவரி மாறியதைப் போர்டுக்குச் சொல்லாததால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், காலாவதியானது தெரியாமலே வேலை செய்பவர்கள் உண்டு.

தொழில் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பாலிசியில் என்னென்ன சேவைகள் என்று பட்டியல் இருக்கும். லைசென்ஸுக்கு வெளியே நீங்கள் செய்ததற்கு அவர்கள் பணம் தர மாட்டார்கள். வந்தவர் "என் சம்மதத்தோடு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம், இல்லாத அனுமதியை உண்டாக்காது. ஆனாலும் அந்தக் காகிதத்தை வாங்குங்கள். அனுமதி உள்ள வேலையில் மருந்து, அலர்ஜி பற்றி அவர் என்ன சொன்னார் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

டாலஸ் போனால் எல்லாம் முதலிலிருந்து. கலிஃபோர்னியா லைசென்ஸ் அங்கே தானாகச் செல்லாது. டெக்சாஸ் லைசென்ஸ் துறையான டி.டி.எல்.ஆரிடம் விண்ணப்பிக்க வேண்டும், அங்கே படிப்பு 750 மணி நேரம். எண்களை வைத்து மாநிலங்களை ஒப்பிடாதீர்கள். ஃப்ளோரிடாவில் ஃபேஷியல் ஸ்பெஷலிஸ்டுக்கு 220 மணி நேரம்தான். வாஷிங்டன் மாநிலத்தில் எஸ்தெடீஷியனுக்கு 750, மேலே மாஸ்டர் எஸ்தெடீஷியன் என்று 1,200 மணி நேரப் படி ஒன்று இருக்கிறது, அந்தப் படியில் உள்ளவர்கள் டாக்டரின் ஒப்படைப்பில் லேசரும் இயக்கலாம். சான் ஹோசேயில் குற்றமாக இருப்பது சியாட்டிலில் தொழிலாக இருக்கலாம். உங்கள் மெடி ஸ்பாக்காரர் அப்படி ஒரு மாநிலத்தில் கேட்டதை இங்கே சொல்கிறாரோ என்னவோ.

டெக்சாஸில் லேசர் முடி நீக்கத்துக்கு டி.டி.எல்.ஆரே தனிச் சான்றிதழ் தருகிறது. பயிற்சிநிலையில் தொடங்கி டெக்னீஷியன், சீனியர் டெக்னீஷியன், புரொஃபஷனல் என்று மேலே போகும். அதற்கு எஸ்தெடீஷியன் லைசென்ஸ் அவசியமும் இல்லை, போதுமானதும் இல்லை. முடி நீக்குவதோடு அது நின்றுவிடும். கரும்புள்ளி, தழும்புக்கு லேசர் என்றால் அங்கேயும் மருத்துவம்தான். த்ரெடிங் கதையும் அங்கே சுவாரஸ்யமானது. த்ரெடிங் செய்பவர்களும் 750 மணி நேரம் படிக்க வேண்டும் என்று இருந்ததை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். அதில் 320 மணி நேரம் வரை அவர்கள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பாடம் என்று பார்த்து, 2015-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது.

மெடி ஸ்பாக்காரருக்கு என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். அங்கே உங்களுக்கு உரிய வேலை நிறையவே இருக்கும்: லேசருக்கு முன்னும் பின்னும் தோலைத் தயார்ப்படுத்தும் ஃபேஷியல், மேலோட்டமான பீல், வாக்ஸ், இமை முடியை வளைத்துத் தூக்கும் லாஷ் லிஃப்ட், டின்ட். எஸ்டாப்ளிஷ்மென்ட் லைசென்ஸ் அவர் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரின் கிளினிக் என்பதால் அது தேவையில்லை என்று சொல்வார்கள், உங்கள் லைசென்ஸை வைத்து நீங்கள் அங்கே வேலை செய்ய அது வேண்டும். நீங்கள் செய்யும் சேவைகளை ஒவ்வொன்றாகப் பெயர் போட்டு, "லேசர், ஐபிஎல், மைக்ரோநீட்லிங், ஊசி இதில் சேராது" என்று ஒரு வரியோடு வேலை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வரியை எழுத அவர் யோசித்தால், வேறு இடம் பாருங்கள்.